கையால் கட்டிய நகரம்

கான்கிரீட், மரம், இரும்பு மூன்றையும் பட்டறைக் கைகள் வளைத்து எடுத்த இடம் சண்டிகர். இங்கே செய்த நாற்காலிகள் அயல்நாட்டு ஏலங்களில் லட்சங்களுக்குப் போகின்றன. செய்த கைகளுக்கு மட்டும் இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

சண்டிகர் வீதிகளில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பவர்களுக்கும் ஒரு பரிசு உண்டு. நகரின் முதல் ஆண்டுகளில் வார்க்கப்பட்ட பாதாளச் சாக்கடை மூடிகளில் அந்த நகரத்தின் வரைபடமே புடைப்பாகப் பதிந்திருக்கிறது. நேர்க்கோட்டுச் சாலைகள், கட்டம் கட்டமாகச் செக்டர்கள், நடுவே நெளிந்து போகும் பசுமைப் பள்ளத்தாக்கு. சாக்கடை மூடிக்கு இவ்வளவு அக்கறையா என்று உள்ளூர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் யோசித்ததே இல்லை. வெளிநாட்டு வியாபாரிகள் யோசித்தார்கள். மூடிகளில் சில கடல் கடந்து போய் லட்சக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போன பிறகுதான் மிச்சமிருப்பவை எங்கே என்று நகரம் தேடத் தொடங்கியது.

நாற்காலிகளின் கதையும் இதுவேதான், அளவுதான் பெரியது. அரசு அலுவலகக் குமாஸ்தாக்கள் முப்பது வருடம் உட்கார்ந்து தேய்த்த தேக்கு நாற்காலிகள், பிரம்பு பிய்ந்ததும் மொட்டை மாடிக்குப் போயின. வெயிலிலும் மழையிலும் கிடந்தன. பிறகு கழிவுச் சாமான் என்று ஏலம் விடப்பட்டன. இன்று அதே நாற்காலிகள் பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் பணக்கார வீடுகளின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலைச்சீட்டு, ஒரு பிறப்புச் சான்றிதழ், அதில் ஒரு சுவிஸ் கட்டடக் கலைஞரின் பெயர். இழைப்புளி பிடித்தவர் பெயர் சான்றிதழில் இல்லை. அதை எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

லாகூருக்குப் பதில்

சண்டிகர் பிறந்ததே ஓர் இழப்பிலிருந்து. 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. தலைநகர் இல்லாமல் நின்றது இந்தியப் பஞ்சாப். சிவாலிக் மலையடிவாரத்தில் வயல்களும் மாந்தோப்புகளும் கிராமங்களுமாக இருந்த நிலம் தேர்வானது. முதலில் திட்டம் போட்டவர்கள் அமெரிக்காவின் ஆல்பர்ட் மேயரும் அவருடைய கூட்டாளி மேத்யூ நோவிக்கியும். 1950-ல் நோவிக்கி விமான விபத்தில் இறந்தார். ஐ.சி.எஸ். அதிகாரி பி.என். தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் ஐரோப்பாவுக்குப் போய் வேறு ஆள் தேடினார்கள். கிடைத்தவர் லெ கார்பூசியே. 1951-ல் அவரும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரேயும், பிரிட்டனைச் சேர்ந்த மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதியும் வேலையைத் தொடங்கினார்கள். 1953 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் நகரத்தைத் திறந்துவைத்தார்.

கார்பூசியே ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போனவர். ஜான்னரே இங்கேயே குடியிருந்தார். 1951-லிருந்து 1965 வரை, உடம்பு முடியாமல் ஊர் திரும்பும் வரை, இதுதான் அவர் ஊர். 1967-ல் ஜெனீவாவில் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

புதிய குடியரசின் கையில் அப்போது பணம் குறைவு. இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் தட்டுப்பாடு. பெரிய இயந்திரங்கள் அரிது. ஏராளமாக இருந்தது ஆள் பலம் ஒன்றுதான். அதனால் வீடுகள் உள்ளூர்ச் செங்கல்லில் எழுந்தன. கான்கிரீட் பெரும்பாலும் முக்கியக் கட்டடங்களுக்கு ஒதுக்கப்பட்டது. 254 மீட்டர் நீளமுள்ள தலைமைச் செயலகம், நிழற்குடை மாதிரி கூரை விரித்த உயர் நீதிமன்றம், மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தை ஞாபகப்படுத்தும் சட்டமன்றக் கூடம் எல்லாமே மூங்கில் சாரத்தின் மேல், தலைச்சுமையாக ஏறிய கலவையில் உருவானவை. சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சரிவுப் பாதையில் வரிசையாகக் கலவைச் சட்டி சுமந்து ஏறும் சித்தாள்களை அந்தக் காலப் புகைப்படங்களில் பார்க்கலாம். படம் எடுத்தவர் பெயர் இருக்கிறது. படத்தில் இருப்பவர்கள் பெயர் இல்லை.

அவர்கள் விட்டுப்போன கையெழுத்து வேறு வகையானது. சண்டிகர் கான்கிரீட்டுக்குப் பூச்சு கிடையாது. சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் எப்படி வந்ததோ அப்படியே விடுவதுதான் கார்பூசியேயின் பாணி. எனவே பலகையின் ரேகை, ஆணித் தலை, இரண்டு தகடுகளுக்கு நடுவே கசிந்து உறைந்த பால், ஒரு நாள் கலவை முடிந்து மறுநாள் கலவை தொடங்கிய கோடு எல்லாம் சுவரில் அப்படியே இருக்கின்றன. ஐரோப்பாவின் தொழில்முறைக் கட்டுமானத்தில் குறை என்று ஒதுக்கப்படும் தழும்புகள் இவை. இங்கே அவைதான் சுவரின் முகம். மீன், இலை, சூரியன், கையுயர்த்திய மனிதன் என்று சில சுவர்களில் காணும் உருவங்களும் தச்சர்களின் உபயம். மரத்தில் செதுக்கிய அச்சை சென்ட்ரிங்கின் உட்புறம் பதித்துவிட்டுக் கலவையை ஊற்றினார்கள். பலகையைக் கழற்றியபோது கான்கிரீட்டில் மீன் இருந்தது.

கவராயக் கால்கள்

கட்டடம் எழுந்தாயிற்று, உட்கார நாற்காலி வேண்டாமா? ஒரு மாநிலத் தலைநகருக்கு மேசை, நாற்காலி, பெஞ்சு, அலமாரி, நூலக ரேக் என்று ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. கடையில் வாங்கக் கட்டுப்படி ஆகாது. ஜான்னரேயும் அவரிடம் வேலை பார்த்த இந்தியக் கட்டடக் கலைஞர்களும் தாங்களே வரையத் தொடங்கினார்கள். அந்தக் குழுவில் இருந்த யூலி சௌத்ரி, ஜீத் மல்ஹோத்ரா, ஆதித்ய பிரகாஷ் போன்றவர்களின் பங்கும் இப்போதுதான் மெல்ல மெல்லப் பேசப்படுகிறது.

வடிவமைப்பின் சூட்சுமம் எளிமை. தேக்கும் ஷீஷமும் வட இந்தியத் தச்சர்களுக்குப் பழகிய மரங்கள். தேக்கைக் கரையான் அவ்வளவு எளிதில் தொடாது. இருக்கைக்கும் முதுகுக்கும் பிரம்புப் பின்னல். காற்று ஊடாடும், பஞ்சாப் கோடைக்கு மெத்தையைவிட மேல். பக்கவாட்டில் பார்த்தால், விரித்து நிறுத்திய கவராயம் மாதிரி இரண்டு கால்கள் மேலே கூடி நிற்கும். சாய்ந்தால் சரியாது, இழுத்தால் உடையாது. கால் வடிவத்தை ஒருமுறை பிடித்துவிட்டால் அதையே மேசைக்கும் பெஞ்சுக்கும் திரும்பத் திரும்பப் போடலாம். வளைவு அதிகம் இல்லை, கடைசல் இல்லை, சாதாரண ரம்பமும் உளியும் இழைப்புளியும் உள்ள எந்தப் பட்டறையும் செய்துவிடும். மரத்துக்குப் பணமில்லாத இடத்தில் இரும்புக் கம்பியை வளைத்து, கயிறு பின்னிய நாற்காலிகளும் மூங்கில் சாமான்களும் செய்து பார்த்தார் ஜான்னரே. சுக்னா ஏரிக்குப் படகுகூட வரைந்து கொடுத்திருக்கிறார்.

வரைபடம் அலுவலகத்திலிருந்து வரும். வேலை டெண்டரில் போகும். ஒரே நாற்காலியைப் பல பட்டறைகள் செய்தன. எனவே எந்த இரண்டும் அச்சு அசலாக ஒன்றில்லை. ஒன்றில் கைப்பிடி விரல் அகலம் கூடும். இன்னொன்றில் காலின் சாய்வு கொஞ்சம் மாறும். கூர்ந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு பட்டறையின் கைநேர்த்தி, அது இன்னொரு பட்டறையின் அவசரம் என்று பிரித்துச் சொல்லிவிடலாம். பின்புறத்தில் பெயின்ட்டில் எழுதிய எழுத்துகளும் எண்ணும் எந்த அலுவலகச் சொத்து என்பதைச் சொல்லும். எந்தப் பட்டறையில் பிறந்தது என்பதைச் சொல்லாது.

பஞ்சாபுக்கு இந்தக் கைத்திறன் வானத்திலிருந்து விழவில்லை. தச்சும் கொல்லும் கொத்தும் ஒரே குடும்பத்துக்குள் புழங்கும் ராம்கடியா சீக்கியர்களின் மரபு அங்கே வலுவானது. அந்தச் சமூகத்தில் தச்சராக வளர்ந்த பாய் ராம் சிங் லாகூரின் மேயோ கலைப் பள்ளியில் முதல்வராக உயர்ந்தவர்; விக்டோரியா மகாராணியின் ஆஸ்போர்ன் மாளிகையில் தர்பார் அறையை அலங்கரித்தவர். ஜலந்தர் அருகே கர்த்தார்பூர் இன்றும் மரச்சாமானுக்குப் பேர்போனது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குப் பொட்டு வைப்பதுபோல, இங்கே தீபாவளிக்கு மறுநாள் விஸ்வகர்மா தினம். அன்று ரம்பமும் வெல்டிங் இயந்திரமும் ஓய்வெடுக்கும். தமிழில் மேஸ்திரி என்பவர் இங்கே மிஸ்திரி. இரண்டும் ஒரே போர்த்துக்கீசிய வேரிலிருந்து கிளைத்த சொற்கள்.

மூன்று கைகள், ஒரு மேசை

அந்த மிஸ்திரியைச் சந்திக்கச் சட்டமன்றத்தின் பக்கம் போகக் கூடாது. நகரத்தின் கிழக்கோரத் தொழிற்பேட்டைக்கும், செக்டர்களின் நடுவே தீவுகளாக மிஞ்சிய பழைய கிராமங்களுக்கும் போக வேண்டும். செக்டர் 45-ல் புரைல், செக்டர் 42-ல் அட்டாவா. கட்டம் போட்ட நகரில் கட்டத்துக்கு அடங்காத சந்துகள் இங்கேதான். 'லால் டோரா' என்று வருவாய்த் துறை சிவப்பு மையில் கோடு கிழித்த கிராம எல்லைக்குள் நகரின் கட்டட விதிகள் தளர்ந்துவிடும். நகரின் சின்னப் பழுதுகளையும் பெரிய ஆசைகளையும் தீர்த்துவைக்கும் கடைகள் அந்தத் தளர்வில்தான் பிழைக்கின்றன.

சிமென்ட் மேல்பலகை, இரும்புச் சட்டம், மர இருக்கை என்று மூன்றையும் சேர்த்துச் சாமான் செய்வது இப்போது காபிக் கடைகளிலும் அலுவலகங்களிலும் நாகரிகம். இப்படி ஒரு மேசைக்கு ஆர்டர் வந்தால் பட்டறையில் மூன்று தொழில்கள் கைகோக்க வேண்டும். தகரக் கூரை, நடுவில் ஒரு வேலை மேசை, மூலையில் வெல்டிங்கின் நீல வெளிச்சம், இன்னொரு மூலையில் மரத்தூள் மேடு. இத்தகைய இடங்களில் ஆள் நாலைந்து பேருக்கு மேல் இருப்பது அபூர்வம்.

முதல் வேலை தச்சருடையது. முடிந்த மேசை நேராக இருப்பதும் கோணலாக இருப்பதும் அவர் செய்யும் அச்சுப் பெட்டியின் கையில்தான் இருக்கிறது. வழவழப்பான பிளைவுட்டில் பெட்டி அடித்து, மூலைகளை அடைத்து, எண்ணெய் தடவி வைப்பார். மேசையின் மேற்புறம் பெட்டியின் அடியில், தலைகீழாக உருவாகும். எனவே பெட்டியில் ஒரு கீறல் இருந்தால் அது மேசையின் முகத்தில் தழும்பாக வரும். அடுத்தவர் கொத்தனார். பொடி ஜல்லி, சலித்த மணல், சிமென்ட், அளந்த தண்ணீர். தண்ணீர் கூடினால் ஊற்றச் சுலபம். காய்ந்த பிறகு வெடிக்கும். குறைந்தால் பொந்து விழும். பாதி ஊற்றியதும் நடுவில் கம்பி வலை. பிறகு பெட்டியின் பக்கங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக மேலே வரும். எப்போது நிறுத்துவது என்பதற்கு மீட்டர் கிடையாது, காதுதான். தட்டும் சத்தம் மாறும்போது கை நிற்கும்.

அதன் பிறகு அவசரக்காரர்களுக்கு இடமில்லை. ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் விட்டு ஒரு வாரமாவது வைக்க வேண்டும். கான்கிரீட் முழு பலத்தை எட்ட 28 நாள் என்பது பொறியியல் பாடம். டெல்லியிலிருந்து போனில் நெருக்கும் வாடிக்கையாளருக்கு இந்தப் பாடம் பிடிப்பதில்லை. முன்னதாகவே அச்சைப் பிரித்து, மேசை நடுவில் விரிந்து, கூலியும் சரக்கும் வீணாகும் விபத்து இந்தத் தொழிலில் சகஜம். இந்த இடைவெளியில் வெல்டர் கால்களைச் செய்துவிடுவார். அவருடைய கவலை சூடு. ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டே போனால் இரும்பு அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும், நாலு காலில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். எனவே எதிரெதிர் மூலைகளில் பொட்டு வைத்து, ஆறவிட்டு, மறுபடி தொடர்வார். கடைசியில் மூன்றும் சேரும் இடம் மறுபடி தச்சர் கையில். மரம் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். இரும்பும் சிமென்ட்டும் அப்படி அசையா. மூன்றையும் இறுக்கிப் பூட்டினால் மரம்தான் பிளக்கும். எனவே திருகாணியின் துளையை நீளவாக்கில் கொஞ்சம் கூடுதலாகத் தோண்டி, மரம் நகர இடம் விடுவார். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை அனுபவம் இருக்கிறது.

கார்பூசியேயின் சுவரும் ஜான்னரேயின் நாற்காலியும் அடிப்படையில் இதே வேலைதான். வரைபடத்தில் கோடு போட்டவருக்கும் நிஜமான பொருளுக்கும் நடுவில் ஆயிரம் சின்ன முடிவுகளை ஒரு மிஸ்திரி எடுத்தாக வேண்டும்.

மொட்டை மாடியிலிருந்து ஏலக் கூடத்துக்கு

காலம் மாறியது. எழுபது, எண்பதுகளில் இரும்பு பீரோவும் ரெக்ஸின் போட்ட நாற்காலியும் வந்தன. பிரம்பு பிய்ந்த நாற்காலியைப் பின்னுவதைவிடப் புதிது வாங்குவது அதிகாரிகளுக்குச் சுலபமாகத் தெரிந்தது. தூக்கிப் போடப்பட்டவை ஏலத்தில் குவியல் குவியலாக விலை போயின. தொண்ணூறுகளின் இறுதியில் பிரெஞ்சு வியாபாரிகள் வந்து சேர்ந்தார்கள். முறையாக ஏலம் கேட்டார்கள், பணம் கட்டினார்கள், ரசீது வாங்கினார்கள். கப்பலில் ஏற்றிப்போய் மரத்தைத் தேய்த்து, பிரம்பைப் புதிதாகப் பின்னி, பாலிஷ் போட்டு, வழவழப்பான பட்டியல்களில் அச்சிட்டார்கள். இந்தத் தலைகீழ்ப் பயணத்தை, பணக்கார வீட்டிலிருந்து தொடங்கி சண்டிகர் மொட்டை மாடி வரை பின்னோக்கிக் காட்டிய அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகலின் 'ப்ராவனன்ஸ்' என்ற படம் 2013-ல் வெளிவந்தது. அந்தப் படத்தின் பிரதியையும் லண்டனில் ஏலம் விட்டு, வியாபாரச் சக்கரத்தை முழுசாகச் சுற்றிக் காட்டினார் அவர்.

2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு, பாரம்பரியச் சாமான்களை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. எண்ணிக்கை எடுத்தபோது அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் 12,793 சாமான்கள் மிச்சமிருந்தன. ஆனால் வெளியே போனவற்றைத் தடுக்க வழியில்லை. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருள் ஆக நூறு வயது நிரம்ப வேண்டும். நாற்காலிகளுக்கு எழுபது சொச்சம்தான். தவிர, விற்றது அரசாங்கமே. ரசீது வாங்கியவர் கையில். ஒவ்வொரு வெளிநாட்டு ஏலத்தின்போதும் சண்டிகரிலிருந்து எதிர்ப்புக் கடிதம் போகிறது. ஏலம் நடக்கிறது. இதற்கிடையே 2016-ல் யுனெஸ்கோ, ஏழு நாடுகளில் உள்ள கார்பூசியேயின் 17 படைப்புகளில் ஒன்றாகச் சண்டிகரின் தலைமைச் செயலக வளாகத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

விலை ஏறியதும் போலியும் வந்தது. கைவேலை என்பதால் அசலிலேயே ஆயிரம் வேறுபாடு. எதை வைத்துப் போலியைப் பிடிப்பது? பழைய மரத்தில் புதிதாகச் செய்து, பின்புறம் அலுவலக எழுத்தை எழுதிவிட்டால் போதும். மறுபக்கம், 'இது புதிது' என்று சொல்லியே நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியின் கசீனா நிறுவனம் ஜான்னரேக்கு அஞ்சலி என்று ஒரு வரிசையை வெளியிட்டது. பெங்களூரில் சண்டிகர் நாற்காலிகளைக் கையால் மறுபடி செய்யும் பட்டறையின் பெயர் 'ஃபாண்டம் ஹேண்ட்ஸ்'. மாயக் கைகள் என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. 1955-ல் ஒரு மிஸ்திரி வரைபடத்தைப் பார்த்துச் செய்தது அசல். அதே வரைபடத்தைப் பார்த்து, அதே மரத்தில், அதே கருவியால் இன்றைய மிஸ்திரி செய்தால் அது நகல். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஜான்னரே இரண்டையும் தொட்டுச் செய்யவில்லை. அசலின் மதிப்பு கையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது என்றால் கைத்தொழிலைக் காப்பாற்றுவதாகச் சொல்வதற்கு என்ன அர்த்தம்?

குப்பையில் ஒரு ராஜ்ஜியம்

பெயர் வாங்கிய கை ஒன்றும் இந்த நகரில் உண்டு. வாங்கிய விதம்தான் விசித்திரம். இப்போது பாகிஸ்தானில் இருக்கும் கிராமத்தில் 1924-ல் பிறந்த நேக் சந்த், பிரிவினையில் அகதியாக வந்து சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளரானவர். நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களில் சிதறிக் கிடந்த ஓட்டையும் உடைசலையும் ஐம்பதுகளின் கடைசியிலிருந்து சைக்கிளில் சேர்த்தார். கட்டடம் கட்டத் தடை செய்யப்பட்ட காட்டுப் பகுதியில், யாருக்கும் தெரியாமல், வேலை நேரம் போக இரவில் டயர் எரித்த வெளிச்சத்தில் வேலை செய்தார். சைக்கிள் சட்டமும் கம்பியும் எலும்பு, சிமென்ட் சதை, உடைந்த வளையலும் பீங்கானும் தோல். இப்படி ஆயிரக்கணக்கில் மனிதர்கள், குரங்குகள், பறவைகள்.

எழுபதுகளில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். மக்கள் கூட்டம் பார்க்க வந்துவிட்டது. 1976-ல் அது 'ராக் கார்டன்' ஆகத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் ஆட்களும் தரப்பட்டன. 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் மறைந்தார். கார்பூசியேயின் நகரத்தில் கார்பூசியேயிடம் கேட்காமல் எழுந்த இந்தத் தோட்டம் இன்று நகரின் மிகப் பெரிய சுற்றுலா ஈர்ப்புகளில் ஒன்று. ஆனாலும் 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சாலை, வாகன நிறுத்த வேலைக்காகத் தோட்டத்தின் சுவர் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. பத்மஸ்ரீயின் சுவருக்கே இந்தக் கதி.

திட்டத்தில் இல்லாதவர்கள்

பெயரில்லாதவர்களின் கதி இன்னும் எளிதாக எழுதப்பட்டுவிடும். நகரத் திட்டத்தில் அமைச்சர் முதல் பியூன் வரை வகை வகையாக அரசு வீடுகள் உண்டு. கட்டியவர்களுக்கு எந்த வகையும் கிடையாது. ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வேலை நடந்த இடங்களின் ஓரத்தில் குடிசை போட்டார்கள். வேலை முடியும், குடிசை நிற்கும், புல்டோசர் வரும், அடுத்த ஓரத்துக்கு நகர்வார்கள். தொழிற்பேட்டை அருகே நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்த நாலாம் நம்பர் காலனி 2022 மே மாதத்தில் தரைமட்டமானது. சிலருக்கு மாற்று வீடு கிடைத்தது. பட்டியலில் விடுபட்டவர்கள் வெயிலில் நின்றார்கள்.

2025 ஜூலையில் செக்டர் 53, 54 சாலையோரத்தில் சுமார் நாற்பது ஆண்டுகளாக நடந்துவந்த மரச்சாமான் சந்தையின் முறை வந்தது. நிலம் அரசாங்கத்துடையது, கடைகள் ஆக்கிரமிப்பு என்பது நிர்வாகத்தின் வாதம். சட்டத்தில் அதற்குப் பதில் சொல்வது கடினம். ஆனால் நகரத்துக்குக் கட்டில் செய்தவரும், கல்யாணத்துக்கு சோபா விற்றவரும், பழைய நாற்காலியைப் பழுது பார்த்தவரும் அங்கேதான் இருந்தார்கள். உலகப் பாரம்பரியமும் மரச்சாமான் பாரம்பரியமும் பேசும் நகரில் மரவேலைக்காரருக்கு ஒரு செக்டரில் நிரந்தர இடம் ஒதுக்குவது இத்தனை ஆண்டுகளில் கைகூடவில்லை.

இது வெறும் பரிதாபக் கதை இல்லை. நகரத்தின் சொந்த நலன் இதில் அடங்கியிருக்கிறது. பட்டியலில் உள்ள 12,793 சாமான்களில் பல இன்றும் கல்லூரிகளிலும் நீதிமன்றத்திலும் புழக்கத்தில் உள்ளன. பிரம்பு சாகாவரம் பெற்றதல்ல. தினமும் உட்கார்ந்தால் சில ஆண்டுகளில் தொய்ந்து அறுந்துவிடும். நாலு திசையிலும் குறுக்கிலுமாக இழையோட்டி எண்கோணக் கண் விழப் பின்ன ஒருவருக்கு ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். நாடெங்கும் அரசு அலுவலகங்கள் இந்த வேலையைப் பார்வையற்றவர்களுக்குக் கொடுத்துவந்தன. விரல்களே கண்ணாகிப் பின்னிய அந்தத் தலைமுறையும் பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும் குறைந்துபோனது. கான்கிரீட்டின் நிலையும் இதுவே. அறுபது எழுபது மழைக்காலம் கண்ட சுவருக்குள் கம்பி துருப்பிடித்தால் மேலே இருக்கும் கான்கிரீட் பெயர்ந்து விழும். அந்த இடத்தில் சாதாரணப் பூச்சு பூசினால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். பழைய கலவையின் நிறமும் பழைய பலகையின் ரேகையும் வரவேண்டும் என்றால் சென்ட்ரிங் தெரிந்த தச்சரும் கலவை தெரிந்த கொத்தனாரும் வேண்டும். நாற்காலிக்குப் பூட்டுப் போட்டுப் பட்டியல் எழுதுவது பாதி வேலை. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளுக்கு இடமும் கூலியும் வாரிசும் தேடுவது மீதிப் பாதி.

இந்த நகரத்தின் அதிகாரபூர்வச் சின்னமே ஒரு கைதான். தேர்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொடுக்கவும் வாங்கவும் திறந்திருக்கும் கை என்று கார்பூசியே வரைந்தார். அவர் காலத்தில் பணம் கிடைக்கவில்லை. அவர் மறைந்து இருபது ஆண்டு கழித்து 1985-ல் அது எழுந்தது. உயரம் 26 மீட்டர், உலோகத் தகட்டால் ஆன கையின் எடை சுமார் 50 டன், காற்றடித்தால் மெதுவாகத் திரும்பும். தகடுகளை வளைத்துச் செய்தது நங்கல் அணைக்கட்டுப் பட்டறையின் தொழிலாளர்கள்.

வளாகத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் அந்தக் கையின் தத்துவத்தை விளக்கமாகச் சொல்வார்கள். நங்கல் பட்டறை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது.